இருக்கிறதிலேயே பெரிய மருந்து

என் வலது கைக் கட்டைவிரல் இப்போது பாதிதான் மடங்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்: மெஷினில் மாட்டிக்கொண்டதா, வண்டியிலிருந்து விழுந்தாயா, சர்க்கரையா? காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்ததில் வந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. "காச்சலுக்குங் கட்டவெரலுக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்று சிரிக்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். யாருக்கும் ஆறுதல் சொல்ல எழுதவில்லை. எனக்கு இன்னும் யார் மேலும் கோபம் தீரவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சாம்பிள் டெய்லர். பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக்காரன் ஒரு படம் அனுப்புவான். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தைத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவான். அந்த ஒன்றைத் தைப்பது என் வேலை. எங்கள் கம்பெனியில் பெரும்பாலும் கைக்குழந்தைச் சட்டைகள். உள்ளங்கை அகலக் கழுத்தில், இழுத்தால் நீளும் ரிப் துணிப் பட்டியைச் சுருக்கம் விழாமல் பிடித்து இழுத்துக்கொண்டே தைக்க வேண்டும். அந்தப் பிடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறது. எனக்கு வேறு சொத்து இல்லை.

எங்கள் ஊரில் காய்ச்சலை யாரும் நோயாக எண்ணுவதில்லை, லீவாகத்தான் எண்ணுவார்கள். காலையில் சுட்டால் மத்தியானம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவது பாதி ஷிஃப்டுக்கு வந்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஊசி போட்டவர் என்ன ஊசி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் மெஷின் முன்னாலேயே மயங்கி விழுந்தேன்.

என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் எங்கள் முதலாளி துரைசாமி அண்ணன். டிரைவரைக்கூடக் கூப்பிடாமல் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, தன் குடும்பம் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரியில் சேர்த்தார். என் வீட்டுக்காரர் நடராஜ் சாயப்பட்டறையிலிருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்தார். சிகிச்சைச் செலவு முழுவதும் கம்பெனியுடையது என்று அண்ணன் வாசலிலேயே சொல்லிவிட்டார். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் நல்லவர் என்று பிறகு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் பாருங்கள்.

ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் அன்றைக்குக் காய்ச்சல்காரர்கள்தான். கூரியர் பை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தர், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒருத்தர். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நடராஜிடம் சொன்னார்.

"வைரஸ் காச்சல் மாதிரித்தானுங்க தெரியுது. நெஞ்சு சுத்தமா இருக்குது, யூரின்லயும் ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மூணு நாள்ல தானா எறங்கீரும். தண்ணி எச்சாக் குடிக்கச் சொல்லுங்க."

இதை நான் என் காதால் கேட்டேன். அந்த மனிதருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. அவர் அதோடு வாயை மூடியிருந்தால் இன்றைக்கு என் விரல் மடங்கும். ஆனால் எழுந்து போகும்போது, "எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் போட்டு வெச்சுக்கலாமுங்க" என்றார்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்கிற கிருமியைக் கொல்லும் மருந்து. வைரஸ் வேறு ஜாதி. அதன் மேல் இந்த மருந்து வேலை செய்யாது. பாக்டீரியா இருக்கிறது என்று ஒரு பரிசோதனையும் சொல்லவில்லை. பிறகு எதற்கு? எதுக்கும்! அதற்காக என் வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஓடும் ரத்தக்குழாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி ஒட்டினார்கள். இடது கையில் நரம்பு தெரியவில்லை என்றார்கள்.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று டாக்டரே சொல்லியிருந்தார், ஆனால் அதை நினைவு வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. எங்கள் பக்கத்தில் சீக்கு விசாரிக்க வருவது கடன் மாதிரி. வராவிட்டால் கல்யாணத்துக்கு வராதது போல மனத்தாங்கல் ஆகிவிடும். பொங்கலூரிலிருந்தும் குன்னத்தூரிலிருந்தும் சொந்தம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, தூக்குச் சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல, மேலே தொங்கிய பாட்டிலைத்தான் பார்த்தார்கள். பாட்டில் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது. வெறும் கஞ்சியும் தண்ணீரும் என்றால் ஆஸ்பத்திரிக்காரன் ஏமாற்றுகிறான். ஆளுக்கு ஆள் வைத்தியர்.

துரைசாமி அண்ணன் இளநீரோடு வந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசினார்.

"ஏனுங் டாக்டர், இன்னிக்குங் கொதிக்குதுங்களே. இப்பப் போடறது சாதா மருந்துங்களா?"

"நல்ல மருந்துதானுங்க. இந்தக் காச்சலு இப்படித்தான் இருக்கும்."

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்களா? இருக்கறதுலயே பெருசு எதுவோ அதப் போட்டு உடுங்க. காசப் பத்தி நீங்க ரோசன பண்ண வேண்டாமுங்க. வார வெள்ளிக்கெழம இவ மெஷின்ல உக்காந்தாகோணும். பையர் காத்துட்டிருக்கான்."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். அதில் அவர் படித்த படிப்பு முழுவதும் இருந்தது. பிறகு, "செரிங்க, மாத்தீரலாமுங்க" என்று சொல்லி, முதல் மருந்தை நிறுத்திவிட்டு மெரோபெனெம் என்று எழுதினார். புதிதாக ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. என் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது அறையில் நின்றிருந்த ஆள்தான். நடராஜ் அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு அன்பா என்று.

அது என்ன மருந்து என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் கடுமையான கிருமி கலந்து, உயிர் ஊசலாடுகிறவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிற மருந்து. காரணமில்லாமல் போட்டால் அது சும்மா இருக்காது. குடலிலும் தோலிலும் இருக்கிற சாதுவான கிருமிகளைக் கொல்லும். அதற்குச் சாகாத முரட்டுக் கிருமி காலியான இடத்தில் குடியேறும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது என்பார்கள். இங்கே எலிகூட இல்லை.

காய்ச்சல் இறங்கியது. எப்படியும் இறங்கியிருக்கும். ஆனால் புது மருந்து ஏறிய பிறகு இறங்கியதால் பெயர் மருந்துக்குப் போனது. "பாத்தயா, நாஞ் சொல்லி மாத்துனேன்" என்று அண்ணன் கம்பெனி முழுக்கச் சொன்னார். டாக்டராவது மறுத்தாரா? "நல்ல ரெஸ்பான்ஸுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சரி, இறங்கியாயிற்று, வீட்டுக்கு அனுப்பினார்களா? கோர்ஸ் முடிக்க வேண்டுமாம். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன், வராந்தாவில் நடந்தேன், பக்கத்துக் கட்டில்காரிக்குச் சட்டையில் அறுந்த பட்டனை வைத்துக் கொடுத்தேன். இப்படி ஒரு நோயாளிக்கு வேளா வேளைக்கு ஊசி மருந்து. இது இன்னும் தேவையா, தேவை என்றால் மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா, குழாய் இன்னும் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரம்பிப்பதற்குக் காரணம் தேவைப்படாத மருந்தை நிறுத்த மட்டும் யாருக்குமே தைரியம் வரவில்லை. நடுவில் வயிற்றுப்போக்கு வேறு. அதற்கு ஒரு மாத்திரை சேர்த்தார்கள்.

ஜெனிட்டா என்று ஒரு நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். குழாய் ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, இந்த எடம் செவந்து போய்க் கெடக்கே. வலிக்கா? இத எடுத்துட்டு வேற எடத்துல போடணும்."

இடது கையில் குத்திப் பார்த்தாள். கிடைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு டோஸ்தான இருக்கு, இதுலயே ஓட்டிருங்கன்னுட்டாவ அக்கா."

இதிலேயே ஓட்டுவது. கம்பெனியில் ஊசி முனை மழுங்கினாலும் இந்த லாட் முடியட்டும் என்று ஓட்டுவோம். துணியில் ஓட்டை விழும், அந்தத் துணியைத் தூக்கி எறிவோம். ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சைக் கேட்டபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கையை நீட்டினேன். மருந்து ஏறும்போது மிளகாய்ப் பொடியை உள்ளே விட்டதுபோல எரிந்தது.

அதன்பின் மணிக்கட்டு வீங்கியது. சிவப்புக் கோடு முழங்கை வரை ஏறியது. பற்கள் தாளம் போடும் குளிரோடு காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை அது வைரஸ் இல்லை. இது ஆஸ்பத்திரி எனக்குக் கொடுத்த காய்ச்சல். டாக்டர் வந்தார், பார்த்தார், இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தார். ஒரு சொட்டுச் சீழ் எடுத்து இது என்ன கிருமி என்று பார்க்கச் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சிரிப்பு இல்லாத முகத்தோடு, "கோயமுத்தூர் போயிருங்க, அங்க வசதி எச்சா" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததும், குரங்கை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டார்.

கோயம்புத்தூர் டாக்டர் ஒரு பெண். வணக்கம் சொன்னால் தலையாட்டக்கூட நேரமில்லாதவர். முதலில் குழாயைப் பிடுங்கிப் போட்டார். மணிக்கட்டைக் கீறிச் சீழை எடுத்தார். அதில் கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார். இருந்த மருந்துகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினார்.

நடராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மருந்த நிறுத்தறாங்களே புள்ள. நம்மளக் கைய உட்டுட்டாங்களா?" என்றார். அவருக்கு மருந்தைக் கூட்டுவது வைத்தியம், குறைப்பது கைவிடுவது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன், "அந்தம்மாகிட்டக் குடு, நாம் பேசறேன்" என்றார். நடராஜ் போனை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை.

"யார் லைன்ல? பேஷண்டோட அண்ணனா?"

"மொதலாளிங்க."

"எனக்கு மொதலாளிகிட்டப் பேச ஒண்ணுமில்ல. வச்சிருங்க."

அந்த ஒரு நிமிடம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது. அடுத்த நிமிடமே என்னிடம் திரும்பினார். "உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இப்படித்தான். ஸ்ட்ராங்கா போடுங்கன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கறது, அப்பறம் இங்க வர்றது."

"நான் எதையும் கேக்கலீங்க," என்றேன். "அந்த மருந்து பேரே எனக்குத் தெரியாதுங்க. கேட்டவரு டாக்டருக்குப் படிக்கலீங்க, எழுதுனவரு படிச்சிருந்தாருங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கையில் போட்டிருந்த கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கல்ச்சர் என்றால் இதுதான்: சீழிலோ ரத்தத்திலோ இருக்கும் கிருமியை ஒரு தட்டில் வளர விடுவார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று அதில் தெரியும். இரண்டு மூன்று நாள் ஆகும். நடராஜுக்கு இது சட்டென்று புரிந்தது. சாயப்பட்டறையில் முதலில் ஒரு துண்டுத் துணியைச் சாயத்தில் முக்கிப் பார்ப்பார்கள், லேப் டிப் என்று பெயர். அது சரி என்று வராமல் ஒரு கிலோ துணியைக்கூடத் தொட்டியில் இறக்க மாட்டார்கள். துரைசாமி அண்ணன் அந்தத் துண்டை விளக்குப் பெட்டியில் வைத்து, வெயிலில் வைத்து, திரும்பவும் விளக்கில் வைத்துப் பார்க்கிற ஆள். துணிக்கு அவ்வளவு பார்த்தவர் எனக்கு நேராகத் தொட்டியைக் காட்டிவிட்டார். நடராஜ் இதை யோசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அழுகிறார் என்று தெரிந்தும் நான் கூப்பிடவில்லை.

அந்தக் காத்திருப்பு நாட்கள்தான் மோசம். இரவில் கை தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும். காங்கேயத்திலிருந்து அக்கா வந்து கூடவே இருந்தாள். தலை வாரினாள், ரசச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். என் நைட்டி பட்டனைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு பட்டனுக்கும் அவள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏண்டி மொறைக்கற?" என்பாள். என்ன சொல்ல? ஊட்டுகிற கையைக் கடிக்கத் தோன்றுகிறது என்றா சொல்ல முடியும்?

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் உட்கார்ந்து சொன்னார், முதல் முறையாக. ஆஸ்பத்திரிகளிலேயே திரிகிற முரட்டுக் கிருமியாம். எனக்கு வேளா வேளைக்கு ஏற்றிய பெரிய மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. மீதி இருப்பவற்றில் வேலை செய்யக்கூடியது பழைய மருந்து ஒன்று, அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

"அப்ப அந்தப் பெரிய மருந்து எனக்கு என்னதாங்க பண்ணுச்சு?"

"அதுக்குச் சாகற கிருமியெல்லாம் செத்துப் போச்சு. சாகாதது தங்கிருச்சு."

சிறுநீரகம் தாங்குகிறதா என்று தினமும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வரும் எண் கொஞ்சம் ஏறும், எல்லோர் முகமும் விழும். கொஞ்சம் இறங்கும், அக்கா சாமிக்கு வேண்டிக்கொள்வாள். சிறுநீரகம் தப்பியது. கையை இன்னொரு முறை திறக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலை இழுக்கும் தசைநாண், அதாவது விரலை அசைக்கும் கயிறு, சீழில் கிடந்து சுற்றியிருந்த சதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். பயிற்சி செய்தால் கொஞ்சம் வரும் என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் பழைய எக்ஸ்ரேயை வாங்குவதாகச் சொல்லி முதல் டாக்டரிடம் போனேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். கையைப் பார்த்தார். வருத்தமாகத்தான் இருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வைரஸுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்பறம் எதுக்குங்க அத்தனை மருந்து?"

"உங்க மொதலாளி பக்கத்துல நின்னு கேக்கறாருங்க. நான் மாட்டேன்னா நீங்க அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. அங்க அவிங்க போட்டிருப்பாங்க. இந்த ஊர்ல அப்படித்தானுங்க."

"அப்ப அந்தப் பாவம் அவிங்களுக்குப் போயிருக்குமுங்களே," என்றேன்.

அவர் சொன்னது உண்மைதான். போயிருப்போம். அதனால்தான் இன்னும் எரிகிறது. ஊர் கேட்கும், ஆஸ்பத்திரி கொடுக்கும், சொந்தம் சந்தோஷப்படும். யாரைப் பிடித்து உலுக்குவது?

பிறகு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். துரைசாமி அண்ணன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "வா கண்ணு, வா" என்று கையைப் பிடித்தார். நல்ல கையைப் பிடித்தார். எனக்கென்று மேஜை, நாற்காலி, ஃபேன். சம்பளம் குறையாதாம். உட்கார்ந்து மற்ற பெண்கள் தைப்பதை மேற்பார்வை பார்த்தால் போதுமாம்.

"நானே தைக்கறனுங்கண்ணா," என்றேன்.

"எதுக்குக் கண்ணு சிரமம்?"

"தைக்கறனுங்க."

வெள்ளைக் கைக்குழந்தைச் சட்டை ஒன்று, வெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். ரிப்பை மடித்துக் கழுத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்துவதாகத்தான் நினைத்தேன், விரல் அழுத்தவில்லை. துணி நழுவியது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து இடுக்கிப் பிடித்து ஓட்டினேன். ஓர் இடத்தில் இழுவை கூடிச் சுருங்கியது, ஓர் இடத்தில் தளர்ந்து தொங்கியது. சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முடித்து நூலை வெட்டி அண்ணன் கையில் கொடுத்தேன்.

துரைசாமி அண்ணனை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு தையல் தாவியிருந்தால் சட்டையை என் முன்னாலேயே கிழித்துப் போட்டிருக்கிறார். ஒருமுறை கழுத்து நூலளவு ஏறிவிட்டது என்று பெண்கள் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டி, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவும் தைக்க வைத்தார். அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது, ஆனால் என் கை மேல் அவருக்கு இருந்த மரியாதை அதுதான் என்றும் எனக்குத் தெரியும்.

சட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்து வாய் கோணிக்கொண்டு தொங்கியது. தையல் தெரியாத ஆள்கூட அதைப் பார்த்தால் சொல்லிவிடுவார். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். மெதுவாக மடித்து மேஜை மேல் வைத்தார்.

"நல்லாத்தாங் கண்ணு இருக்குது," என்றார்.